சுட்டாமல் சுட்டும் குப்பி: உயர்விலை மதுவிளம்பரப் படிமங்களில் ஒளிப்படமும் கணினி ஆக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

உயர்விலை மதுவகைகளுக்கான விளம்பரப் படங்கள் இன்று ஒரே ஒளிப்படமாக எடுக்கப்படுவதில்லை. ஸ்டூடியோவில் பகுதி பகுதியாக எடுத்த படங்களும் கணினியில் ஆக்கிய உருக்களும் அடுக்கடுக்காக இணைந்தே அவை உருவாகின்றன. அவ்வாக்க முறையை விளக்கி, மது விளம்பரம் தடைசெய்யப்பட்ட இந்தியச் சூழலில் அது எவ்வாறு தொழிற்படுகிறது என்பதைத் தமிழ் இலக்கண மரபின் குழூஉக்குறி, உள்ளுறை ஆகிய கருத்தாக்கங்களின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. போடிநாயக்கனூர் வட்டாரத்தின் விளைபொருளாகிய ஏலம் இத்தகைய மறைமுக விளம்பரத்தில் பெறும் இடமும் நோக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மதுவிளம்பரம், ஒளிப்படம், கணினிப் படிமம், குழூஉக்குறி, உள்ளுறை, பதிலி விளம்பரம், ஏலம்.

முன்னுரை

கள்ளைப் பற்றிப் பேசும் தமிழ் நூல்களுக்குக் குறைவில்லை. தேறல், நறவு, பிழி, தோப்பி, மட்டு எனச் சங்க இலக்கியம் அதற்கு வழங்கும் பெயர்களே ஒரு தனி ஆய்வுக்குப் போதுமானவை. மூங்கிற் குழாயில் முதிரவைத்த தேறலை மலைபடுகடாம் காட்டுகிறது. கள்ளுண்ணாமைக்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார். இவை பற்றிய ஆய்வுகள் மிகுதி. ஆயின் நம் காலத்து மது எவ்வாறு காட்சிப்படுத்தப்படுகிறது என்ற வினா தமிழாய்வுக்கு வெளியே நிற்கும் ஒன்றாகவே கருதப்பட்டு வருகிறது. விளம்பரப் படமும் ஒரு பனுவலே என்று கொண்டால், அதனைப் படிக்கத் தமிழ்ப் பொருளிலக்கணம் தரும் கருவிகள் எளியன அல்ல என்பது இக்கட்டுரையின் கருத்து.

‘படிமம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். கவிதைத் திறனாய்வில் அது சொல்லால் எழும் காட்சி. சிற்ப மரபில் தெய்வ உரு. கணினித் துறையில் புள்ளிகளால் ஆன கோப்பு. இம்மூன்று பொருளும் கலந்து நிற்கும் இடமாக மதுவிளம்பரப் படம் இருக்கிறது. எனவே இக்கட்டுரையில் அச்சொல் வேண்டுமென்றே ஆளப்படுகிறது.

கண்ணாடியை ஒளிப்படமாக்கும் இடர்ப்பாடு

ஒரு மண்பானையைப் படமெடுப்பதற்கும் கண்ணாடிக் குப்பியைப் படமெடுப்பதற்கும் அடிப்படையிலேயே வேறுபாடு உண்டு. பானையின் மீது விழும் ஒளி எல்லாத் திசையிலும் சிதறித் திரும்புகிறது. ஆகவே பானை தெரிகிறது. கண்ணாடியோ ஒளியைப் பெரும்பாலும் கடத்திவிடுகிறது; எஞ்சியதைக் கண்ணாடி போலவே எதிரொளிக்கிறது. நாம் குப்பி என்று காண்பது உண்மையில் குப்பியைச் சூழ்ந்துள்ள பொருள்களின் நிழலுருக்களையே. விளக்கு, கூரை, கேமரா, அதன் பின்னே நிற்கும் ஆள் என யாவும் அதில் தெரியும். இதனால் ஸ்டூடியோக்காரர் குப்பிக்கு ஒளியூட்டுவதில்லை. குப்பியின் சுற்றுப்புறத்திற்கே ஒளியூட்டுகிறார்.

இதற்கு இரண்டு முறைகள் வழக்கில் உள்ளன. பின்னணியை வெண்மையாக ஒளிரச் செய்தால் குப்பியின் விளிம்புகள் கருங்கோடாகத் தெரியும். பின்னணியைக் கருமையாக்கிப் பக்கங்களிலிருந்து ஒளி தந்தால் விளிம்புகள் வெண்கோடாக மின்னும். உயர்விலை மதுவுக்குப் பெரும்பாலும் இரண்டாவது முறையே தெரிவாகிறது. இருளிலிருந்து எழும் பொருள் விலைமிக்கதாகத் தோன்றும் என்பது நகைக்கடை விளம்பரங்களும் அறிந்த உண்மை. இருபுறமும் காணும் நீண்ட, மென்மையான வெண்பட்டை குப்பியில் இயல்பாக இருப்பதன்று. ஒளியை மென்மையாக்கும் திரையின் எதிரொளியே அது.

திரவத்திற்கு வேறொரு உத்தி வேண்டும். குப்பியின் வடிவிலேயே வெட்டிய பொன்னிற அல்லது வெள்ளி அட்டையை அதன் பின்னே மறைத்து வைத்து ஒளியைத் திருப்புவர். திரவம் தானே ஒளிர்வது போலத் தெரியும். நிறம் மிக அடர்த்தியாயின் நீர் கலந்து வெளிறச் செய்வதும் உண்டு. குளிர்ச்சியைக் காட்டும் நீர்த்துளிகள் கிளிசரினும் நீரும் கலந்து தெளிக்கப்பட்டவை. அவை விளக்கின் வெப்பத்திலும் மணிக்கணக்கில் வழியாமல் நிற்கும். பனிக்கட்டி பெரும்பாலும் அக்ரிலிக். உருகாது என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, மெய்யான பனிக்கட்டியின் எண் 1.31. இரண்டும் நெருங்கியவை ஆதலின் தெளிந்த பனிக்கட்டி நீருள் ஏறத்தாழ மறைந்துவிடும். அக்ரிலிக்கின் எண் 1.49. அதனால் அதன் விளிம்புகள் திரவத்துள் தெளிவாகத் தெரிகின்றன. பொய்ப் பனிக்கட்டியே மெய்யானதைவிடப் பனிக்கட்டியாகத் தோன்றுகிறது என்பது இத்தொழிலின் நகைமுரண்.

பெயர்த்தாளுக்கு ஏற்ற ஒளி மூடிக்கு ஒவ்வாது. மூடிக்கு ஏற்றது திரவத்திற்கு ஒவ்வாது. ஆகவே கேமராவை அசையாமல் நிறுத்திப் பெயர்த்தாள், மூடி, தோள், திரவம், அடிப்பகுதி எனத் தனித்தனி ஒளியில் பல படங்கள் எடுத்துப் பின்னர் ஒன்றாக்குவர். 1990இல் வெளிவந்த ஃபோட்டோஷாப் மென்பொருளில் 1994இல் அடுக்கு வசதி சேர்ந்தபின் இப்பணி எளிதாயிற்று. கணினி வருமுன்பே இப்படம் கூட்டுப் படமாக இருந்தது என்பது இங்குக் கருதத்தக்கது. இருட்டறையில் கத்தரித்தும் ஒட்டியும் தூரிகையால் திருத்தியும் செய்ததையே கணினி விரைவாகச் செய்தது. நம் ஊர் ஸ்டூடியோக்களில் மலையும் மாளிகையும் தீட்டிய திரையின் முன் நாற்காலியிட்டு அமர்ந்து எடுத்துக்கொண்ட குடும்பப் படங்களும், கருப்பு வெள்ளைப் படத்தின் மீது கையால் வண்ணம் பூசிய திருமணப் படங்களும் இதே மரபின் எளிய உறுப்புகள்.

கேமரா காணாத குப்பி

அடுத்த மாற்றம் வேறு வகையினது. குப்பியைப் படமெடுக்காமலே குப்பிப் படம் ஆக்கும் நிலை அது. குப்பியைத் தயாரிக்கும் ஆலைக்கு அதன் வடிவளவைகள் கணினிக் கோப்பாகவே செல்கின்றன. அக்கோப்பைக் கொண்டு குப்பியின் முப்பரிமாண உருவைக் கணினியில் எழுப்பலாம். பின்பு அதற்கு ஒளியியல் பண்புகள் தரப்படுகின்றன: கண்ணாடிக்கு ஏறத்தாழ 1.52, மதுவுக்கு நீருக்கும் எத்தனாலுக்கும் (1.36) அண்மையான எண், பெயர்த்தாளுக்குத் தாளின் சொரசொரப்பு, பொன்னெழுத்துக்கு உலோகத்தின் மினுக்கம். ஒளிக்கதிர் ஒவ்வொரு பரப்பிலும் எவ்வாறு விலகும், எவ்வளவு எதிரொளிக்கும் என்று கணினி கணக்கிடுகிறது. இக்கணிப்புக்கு அடிப்படையான சமன்பாட்டை ஜேம்ஸ் கஜியா 1986இல் வகுத்தளித்தார்.

கணினி உருவை மெய்யான ஒளிப்படத்தினுள் பொருத்துவதே கடினமான படி. மரமேசை, பின்னணி, குவளையைப் பற்றும் கை ஆகியவை ஸ்டூடியோவில் எடுத்தவை. குப்பி கணினியில் பிறந்தது. குப்பியின் வளைவில் அந்த மேசையும் அந்தச் சாளரமும் எதிரொளிக்காவிடில் அது ஒட்டுப்போட்டதாகத் தெரிந்துவிடும். இதற்கான வழியை 1998இல் பால் டெபவெக் காட்டினார். படமெடுக்கும் இடத்தில் ஆடி போல் மெருகேற்றிய உருண்டையை வைத்துப் பல்வேறு ஒளியளவுகளில் படமெடுத்தால், அவ்விடத்தின் முழு ஒளிச்சூழலும் அவ்வுருண்டையில் பதிந்துவிடும். அதனையே கணினிக் குப்பிக்கு விளக்காகப் பயன்படுத்தலாம். கேமராவின் உயரம், வில்லையின் குவியத்தொலைவு, நிழலின் திசை ஆகியவையும் ஒத்துவர வேண்டும். இவை ஒத்தால் எது மெய், எது கணக்கு என்று பிரித்தறியப் பயின்ற கண்ணுக்கும் அரிதாகிறது.

இங்கே ஓர் அடிப்படை மாற்றம் நிகழ்ந்துவிடுகிறது. ஒளிப்படம் எவ்வளவு திருத்தப்பட்டாலும் கேமராவின் முன் ஒரு பொருள் இருந்தது என்பதற்கு அது சான்று. கணினிக் குப்பியின் முன் எதுவும் இருந்ததில்லை. அதில் மது இல்லை, தண்ணீரும் இல்லை. ஓர் எண்ணை மாற்றினால் அதே குப்பி சோடாவாகும்; பெயர்த்தாளை மாற்றினால் குடிநீராகும். இந்தியச் சூழலில் இதன் விளைவு என்ன என்பதைப் பின்னர்க் காண்போம்.

உயர்வைக் காட்டும் குறிகள்

குப்பியின் உருவே விளம்பரமாதல் என்ற உத்திக்கு உலகறிந்த எடுத்துக்காட்டு ‘அப்சலூட்’ வோட்கா. 1981இல் டிபிடபிள்யூஏ நிறுவனம் தொடங்கிய அத்தொடரில் முதலில் குப்பிக்கு மேல் ஓர் ஒளிவட்டம் இடப்பட்டது. கீழே இரண்டே சொற்கள். பின்னர்க் குப்பியே மறைந்து அதன் வெளிக்கோடு மட்டும் நின்றது. லாஸ் ஏஞ்சலஸுக்கு அது நீச்சல் குளம். மன்ஹாட்டனுக்கு அங்குள்ள பூங்காவின் எல்லை. மது இல்லாமலே மதுவைச் சுட்ட முடியும் என்பதை அத்தொடர் தடையில்லாத நாட்டிலேயே நிறுவிவிட்டது.

உயர்வைக் காட்டும் குறிகள் யாவை? குளிர்ச்சி, மணம், தொலைநாட்டுப் பிறப்பு, பொன், ஏந்தும் கை. இவ்வைந்தையும் விளம்பர நூல்களில் தேட வேண்டியதில்லை. பாண்டியன் இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்று 56ஆம் பாட்டில் அவை அனைத்தும் உள்ளன. யவனர் கொணர்ந்த குளிர்ந்த மணமுள்ள தேறல், பொன்னாற் செய்த கலம், நாள்தோறும் அதனை ஏந்தித் தரும் மகளிர். அங்கு வரும் ‘கலம்’ என்பதைக் குப்பி எனக் கொள்வாரும் மரக்கலம் எனக் கொள்வாரும் உளர். எப்படிக் கொண்டாலும் சிறப்பு மதுவுக்கு மட்டும் உரியதன்று. அது வந்த வழியிலும் ஏந்திய கலத்திலும் தங்கியுள்ளது. கிளிசரின் துளியும் பொன்னிற அட்டையும் செய்யும் பணியை அப்பாட்டில் இரண்டு அடைமொழிகள் செய்துவிடுகின்றன.

ஆயினும் வேறுபாடு உண்டு. புலவர் காட்டும் தேறல் அவையில் இருந்தது. இன்றைய படத்தில் காணும் செப்பு வாலையும் ஓக் பீப்பாயும் வாற்கோதுமைக் கதிரும் குப்பியினுள் இருப்பதோடு எப்போதும் தொடர்புடையன அல்ல. இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்பனவற்றுள் பெரும்பகுதி கரும்பாலையின் கழிவுப்பாகிலிருந்து வடித்த சாராவியை அடிப்படையாகக் கொண்டது. வாற்கோதுமையிலிருந்து வடித்து முதிரவைக்கும் மால்ட் வகைகள் இங்கும் உண்டு. பெங்களூரின் அம்ருத் நிறுவனம் 2004இல் தன் ஒற்றை மால்ட் விஸ்கியை கிளாஸ்கோவிலேயே அறிமுகம் செய்தது. ஆனால் இரண்டிற்கும் ஒரே பீப்பாய்ப் படிமம் பொருத்தப்படுகிறபோது, படம் பார்ப்பவர் அறியும் வேறுபாடு விலை ஒன்றே.

தடைச்சட்டம் படத்தைப் படிக்கும் முறை

இந்தியத் தொலைக்காட்சியில் மது விளம்பரம் கூடாது. 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் ஏழாம் விதி நேர்முகமாகவோ மறைமுகமாகவோ மதுவையும் புகையிலையையும் ஊக்குவிக்கும் விளம்பரத்தை விலக்குகிறது. இதனால் எழுந்தவையே பதிலி விளம்பரங்கள். மதுவின் பெயரையே தாங்கிய சோடா, குடிநீர், இசைத்தட்டு, நாட்காட்டி ஆகியன திரையில் தோன்றின. கிங்ஃபிஷர் நாட்காட்டி 2003 முதல் வெளிவரத் தொடங்கியது. சிவகாசியின் நாட்காட்டி மரபை அறிந்த நமக்கு நாட்காட்டி விளம்பரமாவது புதிதன்று. ஆனால் கடையின் பெயரை மறைக்க அச்சிட்ட நாட்காட்டியைச் சிவகாசி கண்டிராது.

2009இல் இவ்விதிக்கு ஒரு திருத்தம் வந்தது. அதே வணிகப் பெயரில் விற்கும் வேறு பொருளை விளம்பரம் செய்யலாம். ஆனால் காட்சியில் அப்பொருள் மட்டுமே இடம்பெற வேண்டும். தடைசெய்த பொருளைப் பற்றிய நேர்முக, மறைமுகச் சுட்டு கூடாது. அதனை நினைவூட்டும் சொல்நயம் கூடாது. அதனோடு தொடர்புடைய வண்ணமும் அமைப்பும் கூடாது. அத்தகைய விளம்பரங்களுக்கே உரிய சூழல்களும் கூடாது. மத்தியத் திரைப்படச் சான்றளிப்பு வாரியத்தின் சான்றும் வேண்டும். இவ்விதியை இயற்றியோர் அறிந்தோ அறியாமலோ ஒரு பொருள்கோள் நூலை எழுதியுள்ளனர். சுட்டு, நயம், நிறம், அமைப்பு, சூழல் என்று குறிப்புப் பொருள் பிறக்கும் வாயில்களை எல்லாம் அவர்கள் எண்ணிப் பார்த்திருக்கின்றனர். 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறைகளும் பதிலி விளம்பரத்தை வரையறுத்து விலக்கின. எனினும் வணிகப் பெயர் மட்டும் வருவதே குற்றமாகாது என்ற விலக்கும் அவற்றில் இருக்கிறது.

குழூஉக்குறியா, உள்ளுறையா

இவ்விளம்பரங்களை எந்த இலக்கண வகையில் அடக்குவது? நன்னூலார் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாகப் பகுத்தார். குழூஉக்குறிக்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டுகளுள் ஒன்று வேடர் கள்ளைச் ‘சொல்விளம்பி’ என வழங்குவது. மறைபெயரின் இலக்கணத்திற்கே கள் எடுத்துக்காட்டாய் அமைந்திருப்பதால் பதிலி விளம்பரத்தைக் குழூஉக்குறி எனக் கூறிவிடத் தோன்றும். இக்கட்டுரையாளரும் தொடக்கத்தில் அவ்வாறே கருதினார். ஆனால் அது பொருந்தவில்லை. குழூஉக்குறியின் பயன் குழுவுக்குப் புறத்தாரை விலக்குவது. பதிலி விளம்பரமோ ஒருவரையும் விலக்குவதில்லை. பள்ளிச் சிறுவனும் அந்தச் சோடா எதனைக் குறிக்கிறது என்று அறிவான். அறியாதது போல் இருக்க வேண்டியது சட்டம் மட்டுமே.

உள்ளுறை இதைவிட நெருங்கி வருகிறது. தொல்காப்பியர் கூறும் உள்ளுறை உவமத்தில் உவம உருபு இல்லை. சொல்லப்படுவது ஒன்று, கேட்போர் கொள்வது மற்றொன்று. சொல்லப்படுவதும் பொய்யன்று. பொய்கையும் மீனும் மெய்யாகவே அந்நிலத்தின் கருப்பொருள்கள். அவ்வாறே சோடாவும் மெய்யான சோடாவே. கடையில் கேட்டால் கிடைக்க வேண்டும். ஒன்று சான்றாக, மற்றொன்று பொருளாக நிற்கிறது. உள்ளுறை விளங்கப் பயின்ற கேட்போர் தேவை என்பது மரபு. இங்கு அப்பயிற்சியைத் தருவது முந்தைய விளம்பரங்களும், குப்பியின் தோள்வளைவும், ஒரு நீலமும் ஒரு பொன்னுமே.

இந்த இடத்தில்தான் கணினி ஆக்கத்தின் பங்கு தெளிவாகிறது. ஒளிப்படக் காலத்தில் சோடாக் குப்பியைக் காட்டச் சோடாக் குப்பி வேண்டும். அதன் கண்ணாடி, திரவம், குமிழி ஆகியவை தனி இயல்புடையவை. கணினியிலோ மதுவுக்கென எழுப்பிய ஒளிச்சூழல், கேமராக் கோணம், மேசை, நிழல் ஆகிய அனைத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு ஓர் அடுக்கை மட்டும் மாற்ற இயலும். பொருள் மாறுகிறது, படிமம் மாறுவதில்லை. ‘பொருள் மட்டுமே காட்சியில் இருக்க வேண்டும்’ என்ற விதி அதனால் நிறைவேறுகிறது. ‘நிறமும் அமைப்பும் கூடாது’ என்ற விதி நிறைவேறுவதில்லை. பின்னதை மெய்ப்பிக்க வேண்டுமாயின் இரண்டு படங்களையும் அருகருகே வைத்து ஒளியின் திசைவரை ஒப்பிட வேண்டும். அத்தகைய பாட ஒப்பீடு சுவடிப் பதிப்பாளருக்குப் பழகியது. சான்றளிப்பு வாரியத்திடம் அதனை எதிர்பார்ப்பதற்கில்லை.

ஏலம் என்னும் கருப்பொருள்

இக்கட்டுரை சிலமலையில் எழுதப்பட்டது. ஊரின் மேற்கே ஏலமலைத் தொடர். விடியுமுன் சுற்றுவட்டாரத்துக் கூலித் தொழிலாளர் ஜீப்புகளில் மேலே ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றனர். காய்ந்த காய் போடிநாயக்கனூருக்கு இறங்குகிறது. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னேலம் நடைபெறும் மையங்கள் இரண்டு. ஒன்று போடி, மற்றொன்று கேரளத்தின் புத்தடி. காயின் பருமன், பசுமை, எடை ஆகியவற்றால் விலை அமைகிறது. 8 மில்லிமீட்டருக்குக் குறையாத பச்சைக்காய்க்கு மதிப்பு மிகுதி. அப்பசுமை வெயிலில் காய வைத்தால் நில்லாது. உலர்களத்தின் மிதவெப்பத்தில் காத்தெடுக்க வேண்டியது. சாயம் ஏற்றிய காய் பற்றிய புகார்களும் அவ்வப்போது எழுவதுண்டு. நிறம் விலையாவது குப்பிக்கு மட்டும் உரியதன்று.

சில ஜின் வகைகளில் ஏலம் மணப்பொருளாகச் சேர்கிறது. அவற்றின் படங்களில் குப்பியைச் சுற்றிக் காய்கள் அந்தரத்தில் மிதக்கும். ஒவ்வொன்றும் கணினியில் நிறுத்தப்பட்ட உரு. அவை நேர்முகமானவை, உள்ளுறை ஏதுமில்லை.

மறைமுகப் பணிக்கு ஏலத்தை எடுத்துக்கொண்டது மதுவன்று, பான்மசாலாத் தொழில். புகையிலைப் பொருளோடு அறியப்பட்ட பெயர்களில் ‘இலாய்ச்சி’ விளம்பரங்கள் வந்தன. இந்தித் திரையின் முன்னணி நடிகர்கள் தோன்றினர். 2022 ஏப்ரலில் அத்தகைய விளம்பரம் ஒன்றில் நடித்த அக்ஷய் குமார், இரசிகர்களின் எதிர்ப்புக்குப் பின் வருத்தம் தெரிவித்து விலகினார். உள்ளுறைக்குத் தொல்காப்பியர் விதித்த வரம்பு ஈண்டு நினைவுக்கு வருகிறது. தெய்வம் ஒழிந்த கருப்பொருளே அதற்கு நிலம். குறிஞ்சி நிலத்தின் விளைபொருள் ஒன்று, தான் குறிக்காத ஒன்றின் முகமூடியாக இந்தியா முழுவதும் திரையில் மின்னியபோது, அதனை விளைவித்த மலையடிவாரத்தில் அது பற்றிய பேச்சு ஏதும் எழுந்ததாகத் தெரியவில்லை. காய்க்கு விலை கிடைக்கும்வரை அது எதன் பெயரால் விற்கிறது என்று விவசாயி ஏன் கேட்க வேண்டும் என்பது நியாயமான வினா. ஆயினும் பொருளிலக்கணம் பயின்றவர் அதனைக் கேளாமல் இருத்தல் இயலாது. கபிலர் குறிஞ்சியைப் பாடியபோது கருப்பொருள் அந்நிலத்து மாந்தரின் ஒழுக்கத்தைச் சுட்டியது. இங்கே கருப்பொருள் நிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டு வெறுங்குறியாய் நிற்கிறது.

தமிழகத்தில் இப்படிமங்கள் சென்று சேரும் இடமும் தனித்தன்மை உடையது. 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை முழுதும் அரசு நிறுவனமான டாஸ்மாக்கின் கையில். பெரும்பாலான கடைகளில் குப்பி அடுக்கு வாங்குவோரின் கைக்கு எட்டுவதில்லை. கம்பி வலைக்கு அப்பால் நிற்கிறது. வலையின் துளை வழியே பணம் செல்கிறது, குப்பி வருகிறது. அருகே ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்ற வாசகம். மதுவும் குடும்பமும் ஒரே சொல்லில் நிற்கும் அச்சிலேடை போல எந்த விளம்பரமும் இதுவரை தமிழில் எழுதப்படவில்லை. பொன்னொளியும் பனித்துளியும் அந்த வலை முன் பயனற்றவை. அவை கைப்பேசித் திரையிலும் விமான நிலையத்துக் கடையிலும் வேறொரு வாங்குவோரைத் தேடுகின்றன. மலையிலிருந்து மாலையில் இறங்கும் தொழிலாளி வலைக்கு முன் நின்று கேட்பது குப்பியின் பெயரைக்கூட அன்று. விலையைச் சொல்லிக் கேட்கிறார்.